காலையில் செங்கல் நிறம்

1935 ஜூலை 8, திங்கள்

இன்றும் செங்கல் நிறம்தான்.

குழாயில் நீல மருந்தை ஊற்றி, நைனாவின் சிறுநீர் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் ஆட்டி ஆட்டிக் கொதிக்க வைக்க வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை. பிறகு மஞ்சள், ஆரஞ்சு. மிக அதிகமென்றால் செங்கல். இதை டாக்டர் பஞ்சாட்சரம் எனக்குக் கற்றுக்கொடுத்தபோது பள்ளிக்கூடத்தில் நாலாம் பாரம் படிக்கிற பெண்ணுக்கு இது விளையாட்டு மாதிரி என்றார். ஊசி போடவும் அவர்தான் பழக்கினார். நைனாவுக்குக் காலையில் பத்து யூனிட், மாலையில் பதினாறு. இரண்டு மாதமாக என் கையால்தான் போடுகிறேன்.

நிறத்தைப் பார்த்ததும் நைனா குழாயை என் கையிலிருந்து பிடுங்கி அம்மாவின் மேல் வீசினார். கொதித்தது அவள் கழுத்தில் பட்டது. குழாய் அம்மிக்கல்லில் விழுந்து தூள்.

"ராத்திரி இன்னாடி கலந்து குடுத்த? என்னக் கொல்லத்தான் பாக்கறியா?"

அம்மா கொடுத்தது ஒரு களி உருண்டையும் கீரையும். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதைச் சொன்னேன். எனக்கும் ஒன்று விழுந்தது. காதில் இன்னும் இரைச்சல்.

டாக்டர் போன வாரம் சொன்ன ஒரு வார்த்தைதான் இதற்கெல்லாம் காரணம். "காலையில இவ்வளவு சர்க்கரைன்னா ராத்திரி ஏதோ உள்ள போவுது." அம்மா கலக்கிறாள் என்று நைனா நினைக்கிறார். நைனா திருடித் தின்கிறார் என்று அம்மா நினைக்கிறாள். நான்? நான் என்ன நினைக்கிறேன்?

இன்னும் இரண்டு குழாய்தான் மீதி.

ஜூலை 9

செங்கல்.

ஜூலை 11, வியாழன்

டேனரியில் தோல் பதமாகிவிட்டதா என்று ஓரத்தில் வெட்டிப் பார்ப்பார்கள். வெட்டின இடத்தின் நடுவில் வெளிறின கோடு தெரிந்தால் ஆவாரம்பட்டைச் சாறு உள்ளே இறங்கவில்லை என்று பொருள். தோலை மறுபடி குழியில் போட்டு இன்னும் கெட்டியான சாற்றை ஊற்றுவார்கள். நைனா இருபது வருடமாகப் பட்டைக்குழி மேஸ்திரி. அவர் வெட்டிப் பார்த்துச் சரி என்று சொன்ன தோலை முதலாளி சாயபு திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. இந்த ஊசி மருந்தையும் சாயபுதான் பட்டணத்திலிருந்து வரவழைத்து டாக்டரிடம் கொடுத்து வைக்கிறார்.

இன்று மாலை நைனா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "சாறு பத்தலன்னா கோடு தெரியும். ஊசி பத்தல, அதான் செவப்பு. இருவதா ஏத்து."

"டாக்டர ஒரு வார்த்த கேட்டுட்டு ஏத்தலாம் நைனா."

"டாக்டரு குழியில எறங்கி வேல செஞ்சிருக்கானா? ஏத்துடி."

ஏற்றினேன். பயந்துதான் ஏற்றினேன் என்று எழுத நினைத்தேன். அது முழு உண்மை இல்லை. அவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

ஜூலை 14, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடியும் வரை அம்மா முக்காட்டை இறக்கவே இல்லை. கழுத்தில் கொப்புளம் உடைந்து நீர் வடிகிறது. அதோடு நேற்று ராத்திரி புதிதாக ஒன்று: கன்னத்தில். உதடும் கிழிந்திருக்கிறது. நைனா எப்போதும் போல வேதபாடம் வாசித்தார். கணீரென்ற குரல். பக்கத்து வரிசையில் ஒருவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் அடுத்த வீட்டுச் சுகரா பேகம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அம்மாவைக் கூப்பிட்டாள்.

"இன்னாது கன்னத்துல?"

"வாசப்படி இடிச்சிருச்சு பாயம்மா."

"அப்டியா? ஒங்க ஊட்டு வாசப்படிக்கு அஞ்சு வெரல் இருக்குது போல."

அம்மா சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். சிரித்ததில் உதடு மறுபடி கிழிந்து ரத்தம்.

ஜூலை 16

இருபது போட்டும் செங்கல்.

ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தாயிற்று. அரை உருண்டை களி. அரிசி, வெல்லம், மாவு எல்லாம் மரப்பெட்டியில் பூட்டி, சாவி அம்மா இடுப்பில். நைனாவே போடச் சொன்ன பூட்டு. "பாத்துருவோம், எங்கருந்து வருதுன்னு."

ஜூலை 19, வெள்ளி

இப்போது மாலை ஊசி இருபத்து நான்கு.

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

படுத்து ஒரு மணி நேரம் இருக்கும். பானை உடைகிற சத்தம். நைனா அடுப்பங்கரையில் நின்று ஒவ்வொரு சட்டியாக எடுத்துக் கவிழ்க்கிறார். ஒன்றும் இல்லையென்றால் சுவரில் அடிக்கிறார். அம்மா போய்க் கையைப் பிடித்தாள். அவளுடைய கூந்தலைச் சுற்றிப் பிடித்து மரப்பெட்டி வரைக்கும் இழுத்துப் போனார். அவள் தலையைப் பெட்டி மேல் மோதினார். ஒரு தடவை இல்லை. தொற, தொற, தொற என்று அதையே சொன்னார், நாக்குக் குழறி. சாவியை அவிழ்க்க அம்மாவுக்கு விரல் வேலை செய்யவில்லை.

நான் கத்தினேன். என் பக்கம் திரும்பினார். கண் என்னைப் பார்த்தது. ஆனால் யாரென்று தெரிந்த மாதிரி இல்லை. சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மழையில் வந்த ஆள் மாதிரி. மழை எங்கே? பாலாறு வறண்டு மணலாகக் கிடக்கிறது.

பிறகு தானாகவே சரிந்து உட்கார்ந்து, அங்கேயே தூங்கிவிட்டார்.

காலையில் எழுந்து உடைந்த ஓடுகளைப் பார்த்தார். "இத யாரு ஒடச்சது?" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் குழாயைப் பார்த்தேன்.

செங்கல்.

ஜூலை 20

வேர்வை. ஏன் அவ்வளவு வேர்வை?

ஜூலை 23, செவ்வாய்

மூன்று நாளாக ராத்திரிதோறும். நேற்று அம்மாவின் முன்பல் ஒன்று போயிற்று. நான் அதைத் தரையில் தேடி எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்தேன், எதற்கென்று தெரியவில்லை.

பகலில் நைனா அதிகம் பேசுவதில்லை. தாகம் தாகம் என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறார். டேனரியில் ஒரு ஆளைச் சுண்ணாம்புக் குழி ஓரத்தில் பிடித்துத் தள்ளப் பார்த்தாராம். வேலை விட்டு வந்ததும் சொன்னார்: "முப்பதா ஏத்து. ராத்திரிச் சோறு வேணாம். வெறும் மோர் போதும்."

முப்பது ஏற்றினேன். டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் என் கையை ஒடித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். செய்வார்.

திருப்பத்தூரில் இருக்கும் சாமுவேல் மாமாவுக்கு அம்மா என்னைக் கடிதம் எழுதச் சொன்னாள். அவர் அம்மாவின் தம்பி, ஸ்டேஷனில் போர்ட்டர். "இன்னான்னு எழுதட்டும்மா?" என்றேன்.

"வந்து கூட்டினு போன்னு எழுது."

ஜூலை 27, சனி

மாமா வந்தார். வந்த அன்றைக்கே பார்த்துவிட்டார். நேற்று நைனா அம்மாவின் கழுத்தில் காலை வைத்து மிதித்தபோது மாமாதான் பின்னாலிருந்து இழுத்துத் தள்ளினார். நைனா மாமாவின் தோளைக் கடித்துச் சதை பிய்ந்தது. கடைசியில் மாமா அவரைத் தோல் வாரால் தூணோடு சேர்த்துக் கட்டினார். கட்டின பிறகும் உடம்பு துள்ளியது. பல் கிட்டித்தது. வேர்வை சொட்டித் தரையில் தேங்கியது.

"இது பேய், அக்கா. மனுசன் செய்ற வேலையா இது?" என்று மாமா மூச்சு வாங்கினார். "வெள்ளிக்கிழம வண்டியில கெளம்பறோம். நீயும் பொண்ணும். அதுக்குள்ள நான் லீவு சொல்லிட்டு வந்துர்றேன்."

விடிந்ததும் மாமா வாரை அவிழ்த்தார். மணிக்கட்டில் இருந்த தடத்தை நைனா வெகு நேரம் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாரின் தடம் அவருக்குத் தெரியாதா? இன்று யாரையும் அடிக்கவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

இதை மெதுவாக எழுத வேண்டும்.

அம்மாவின் கழுத்துப் புண்ணுக்குப் போரிக் பவுடர் வாங்க டாக்டரின் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் இல்லை. கம்பவுண்டர் எப்போதும் போல ஒரு பழைய காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால், உள்பக்கம் முழுக்க இங்கிலீஷ். ஊசி மருந்துப் பெட்டிக்குள் வருகிற விளக்கத் தாள்! அந்தப் பெட்டியை நான் பார்த்ததே இல்லை. கம்பவுண்டர் புட்டியை மட்டும் கொடுத்துவிட்டு, தாளையெல்லாம் பொட்டலம் கட்ட வைத்துக்கொள்கிறார் போலும்.

தாள் பாதிதான். அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்தேன். மருந்து அளவுக்கு மிஞ்சினாலோ, மருந்து போட்டபின் சரியாகச் சாப்பிடாவிட்டாலோ ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். அப்போது பசி. வேர்வை. நடுக்கம். நாக்குக் குழறல். குடித்தவர் போல நடத்தல். ஆளை அறியாமை. சண்டைக்குப் பாய்தல். பிறகு நினைவு இராது. உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும்; இல்லையேல் உயிருக்கு ஆபத்து.

சர்க்கரை கொடுக்க வேண்டும்!

நாங்கள் பெட்டியைப் பூட்டினோம். அவர் வெல்லத்தைத் தேடி வந்திருக்கிறார். ஏன் வந்தோம் என்று அவருக்கே தெரியாமல்.

முப்பது யூனிட் ஏற்றியது யார்? நான். அம்மாவின் பல் யாரால் போயிற்று?

ஆனால் ஒரு விஷயம் உதைக்கிறது. ராத்திரி சர்க்கரை இறங்கிவிடுகிறதென்றால், காலையில் செங்கல் எப்படி வரும்? தாளின் மறுபாதியில் இருந்திருக்குமோ? மறுபாதி எந்த வீட்டுப் பொட்டலத்தில் இருக்கிறதோ.

ஜூலை 31

பரீட்சை செய்து பார்த்தால்தான் தெரியும். மாமா திரும்பி வந்துவிட்டார். ஒரு சொம்பில் வெல்லத் தண்ணீர் கரைத்து மூடி வைத்திருக்கிறேன். சாவியை அம்மாவிடமிருந்து வாங்கி என் இடுப்பில் முடிந்துகொண்டேன், யாரும் எதையும் எடுக்கவில்லை என்று எனக்கே உறுதியாக இருக்க வேண்டும்.

ஊசியைக் குறைக்க இன்று தைரியம் இல்லை. சிரிஞ்சில் மருந்து எந்தக் கோட்டில் நிற்கிறது என்று நைனா முகத்தருகே வைத்துப் பார்க்கிறார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

தெரிந்துவிட்டது.

நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு நைனாவைச் சிறுநீர் கழிக்கச் சொன்னேன். பிறகு எடுப்பதோடு பழையது கலக்கக் கூடாதென்று அதைக் கொட்டிவிட்டேன். பத்தரைக்குத் தொடங்கியது. அம்மாவைச் சுவரோடு வைத்துக் கழுத்தைப் பிடித்தார், இரண்டு கையாலும். அம்மாவின் கால் தரையில் படவில்லை. மாமா பின்னால் இருந்து இடுப்பைக் கட்டி இழுக்கிறார், அசையவில்லை. நான் சொம்பை எடுத்து அவர் வாயில் சாய்த்தேன். என் விரலைக் கடித்தார். எலும்பில் பல் பட்டதை உணர்ந்தேன். விடவில்லை. விரலோரமாகவே ஊற்றினேன். பாதி சட்டையில், பாதி உள்ளே. விழுங்கினார். மறுபடி விழுங்கினார். பிறகு சொம்பைத் தானே பிடித்துக் கன்றுக்குட்டி மாதிரி குடித்தார்.

கால் மணி நேரம் ஆகவில்லை. உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏன்டா சாமுவேலு, எப்ப வந்த? சாப்டியா?"

மாமா சட்டை கிழிந்து நிற்கிறார். அம்மா தரையில் இருமிக்கொண்டு கிடக்கிறாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

உடனே சிறுநீர் எடுத்துக் கொதிக்க வைத்தேன். நீலம். துளிப் பச்சைகூட இல்லை.

அதன் பிறகு யாரும் ஒன்றும் சாப்பிடவில்லை. சாவி என் இடுப்பில். நான் தூங்கவே இல்லை. காலை ஐந்தரைக்குக் கொதிக்க வைத்தேன். செங்கல்!

கரைத்த வெல்லம் எலுமிச்சங்காய் அளவு, அதிலும் பாதி சட்டையில் போயிற்று. அது மட்டும் இவ்வளவு சிவப்பைக் கொடுக்குமா?

பள்ளிக்கூடத்துச் சுகாதாரப் புத்தகத்தில் ஈரலைப் பற்றிய பக்கத்தைத் தேடி எடுத்தேன். ஈரல் சர்க்கரையைச் சேர்த்து வைத்து, தேவைப்படும்போது ரத்தத்தில் விடுகிறது என்று இருக்கிறது. அப்படியானால், ஊசி சர்க்கரையை அளவுக்கு மீறி இழுத்துப் போட்டதும், உடம்பு பயந்துபோய் இருக்கிறதையெல்லாம் திறந்து விட்டுவிடுகிறது. அதற்குள் ஊசியின் வேகமும் அடங்கிவிடுகிறது. காலையில் வெள்ளம். நாங்கள் அந்தச் சிவப்பைப் பார்த்து ஊசியை ஏற்றினோம், சோற்றைக் குறைத்தோம். ராத்திரி இன்னும் ஆழமாக இறங்கியது. காலையில் இன்னும் சிவப்பு.

யாரும் கலக்கவில்லை. யாரும் திருடவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மூட்டை கட்டி வைத்திருந்தது. நான் அம்மாவின் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அரை மணி நேரம் பேசியிருப்பேன்.

"அது நைனா இல்லம்மா. மருந்தும்மா. அவருக்கு நெனவே இல்ல. நான் சரி பண்ணிருவேன்."

மாமா தோள் கட்டைத் தடவினார். "அப்ப பேய் இல்லன்ற?"

"இல்ல மாமா."

"வெல்லத்துக்கு அடங்கற பேய நானும் கண்டதில்ல" என்றார். "ஆனா அக்கா, நீ இன்னா சொல்ற?"

அம்மா என் முகத்தைப் பார்த்தாள், என் விரல் கட்டைப் பார்த்தாள். எதையோ சொல்ல வாயெடுத்தாள்; சொல்லவில்லை. எழுந்து போய் மூட்டையை அவிழ்த்துப் புடவைகளைக் கொடியில் போட்டாள்.

மாமா மாலை வண்டியில் போய்விட்டார்.

எவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு!

ஆகஸ்ட் 3, சனி

டாக்டர் பஞ்சாட்சரம் முதலில் கத்தினார். "முப்பதா? யாரக் கேட்டு ஏத்துன? ஒங்கப்பன் செத்திருந்தா?" பிறகு என் நோட்டுப் புத்தகத்தை வாங்கித் தேதி தேதியாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். "ராத்திரி நீ பாத்த நீலம், இத நான் கேட்டிருக்கணும். காலை நெறத்த மட்டும் கேட்டேன்."

மாலை பதினான்கு யூனிட், ஊசி போட்ட அரை மணிக்குள் முழுச் சாப்பாடு, படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். இதுதான் உத்தரவு.

"நைனா ஒத்துக்க மாட்டாரு சார்."

"என்னாண்ட கூட்டினு வா, நான் சொல்றேன்."

"வர மாட்டாரு சார்."

வரவில்லை. அதனால் ஒரு காரியம் செய்தேன். டாக்டருக்குக்கூடத் தெரியாது. பதினான்கு யூனிட் இழுத்துவிட்டு, மீதியைக் காய்ச்சி ஆறிய தண்ணீரால் முப்பது கோடு வரை நிரப்பினேன். நைனா கோட்டைப் பார்த்தார். தலையாட்டினார். பாலை டாக்டர் கொடுத்த புது மருந்து என்றேன். அம்மா முழு உருண்டை களியை மூன்றாகப் பிட்டுக் குழம்பில் மறைத்து வைத்தாள்.

ஆகஸ்ட் 4

ராத்திரி ஒன்றும் உடையவில்லை. வேர்வை இல்லை. காலையில் செங்கல், ஆனால் கொஞ்சம் வெளிறின செங்கல். ஒரே நாளில் இறங்கும் என்று யார் சொன்னது?

ஆகஸ்ட் 6

ஆரஞ்சு.

ஆகஸ்ட் 9

மஞ்சள். ஓரத்தில் பச்சை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நீலம். நீலம். நீலம்.

சுகரா பேகத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இந்தத் தண்ணிக்கா இந்த ஆட்டம் ஆடுன? கலரு சோடா மாதிரி கீது" என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "வாசப்படி இப்ப சும்மா கீதா?" என்றாள். அம்மா சிரித்தாள். பல் போன இடம் தெரிந்தது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கிளினிக்குக்குப் போய் நோட்டைக் காட்டினேன். காலைச் சர்க்கரைக்கு ஒரே காரணம்தான் என்று நினைத்துவிடாதே என்றார் டாக்டர். ராத்திரி அதிகம் தின்றாலும் ஏறும். மாலை ஊசியின் பலம் விடியுமுன் தீர்ந்துபோனாலும் ஏறும். எங்கள் வீட்டில் நடந்த மாதிரி ஊசி மிஞ்சி, சோறு குறைந்து, உடம்பே சர்க்கரையை அள்ளி விட்டாலும் ஏறும். காலில் புண் வைத்துச் சீழ் பிடித்தாலும் ஏறும். "சில பேருக்கு இது ஒண்ணுமே இல்லாம விடியக்காலம் தானா ஏறுது. ஏன்னு எனக்கே தெரியாது." தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி இன்றுதான் கேட்டேன்.

காலையில் ஒரு நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு மருந்தை ஏற்றக் கூடாது. ராத்திரி நடந்ததையும் பார்க்க வேண்டும். இதைத் தனியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 20

பச்சை. நைனா டேனரியிலிருந்து ஒரு துண்டு ஆட்டுத்தோல் கொண்டுவந்து என் அகராதிக்கு அட்டை போட்டுக் கொடுத்தார். வாசனை நன்றாக இருக்கிறது.

ஆகஸ்ட் 24, சனி

நைனா டேனரியிலிருந்து வருகிற வழியில் டாக்டர் பார்த்துக் கூப்பிட்டாராம். அங்கேயே பரிசோதித்திருக்கிறார். இலேசான பச்சை. சந்தோஷத்தில், காத்திருந்த நோயாளிகள் எதிரிலேயே சொல்லியிருக்கிறார்: "ஒம் பொண்ணு ஊசிய பாதியா கொறச்சா, நீ பொழைச்ச. இனிமே அவதான் ஒனக்கு டாக்டரு." எல்லாரும் சிரித்தார்களாம். டேனரி ஆட்கள் இரண்டு பேரும் அங்கே இருந்தார்களாம்.

பகல் ஒன்றரை மணி. நைனா வந்து கதவைச் சாத்தினார். தாழ் போட்டார். இடுப்பு வாரை அவிழ்த்து ஒரு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டார். நிதானமாக.

"ஆத்தாளும் பொண்ணும் சேந்து எனக்குத் தண்ணி ஏத்துனீங்களா?"

நான்தான் என்று சொன்னேன். நான்தான், நான்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என்னை விலக்கிவிட்டு அம்மாவை அடித்தார். கொக்கி இருக்கிற முனையால் அடித்தார். முதுகில், தலையைப் பொத்தின கையில். அவள் விழுந்ததும் குனிந்து, முகம் தெரியும்படி திருப்பிப் போட்டு அடித்தார். அடிகளுக்கு நடுவே வாரை மாற்றிப் பிடித்துக்கொண்டார், கை வலித்திருக்கும்.

நான் ஓடி வெல்லத் தண்ணீர் கரைத்தேன். ஆமாம், அதைத்தான் செய்தேன். சொம்பை அவர் முன்னால் நீட்டினேன். அவர் கையைத் தொட்டேன். காய்ந்திருந்தது. ஒரு துளி வேர்வை இல்லை. நடுக்கம் இல்லை. டாக்டர் பார்த்துக் கால் மணி நேரம்தான் ஆகிறது, பச்சை, சர்க்கரை குறையவே இல்லை.

சொம்பை வாங்கிக் கீழே வைத்தார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"மயக்கத்துல அடிக்கிறேன்னு நெனச்சியா? இன்னிக்கு மயக்கம் இல்ல. நல்லா பாத்துக்க."

பிறகு சோறு போட்டுக்கொண்டு தானே சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

சுகரா பேகம் மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்து அம்மாவின் முதுகில் பூசினாள். ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை. அவள் போன பின் அம்மாவிடம் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. ஏம்மா, ஏம்மா என்றுதான் வந்தது.

"அவருக்குச் சக்கர வியாதி வந்து ரெண்டு வருசம்" என்றாள். "எனக்குக் கல்யாணமாயி பதினாறு வருசம்."

"அப்ப அன்னிக்கு ஏம்மா சொல்லல? மூட்டைய ஏன் அவுத்த?"

"நீ அவ்ளோ படிச்சி, விரல்ல கட்டு போட்டுக்கினு, அப்டி சந்தோஷமா சொல்ற. நானும் ஒருவேள அப்டித்தானோன்னு நெனச்சிக்கினேன்." கண்ணை மூடிக்கொண்டாள். "ராத்திரி கண்டது நெசம்தான் அமிர்தம். நீ சொன்னது தப்பில்ல. ஆனா அது மட்டும் இல்ல."

இந்த நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். என் கையாலேயே எழுதியிருக்கிறேன். காலை, செங்கல், சர்க்கரை மிக அதிகம், அப்போதும் அடி. ஊசியை ஏற்றாத நாள்களிலும் அடி. ராத்திரிகளை எண்ணினேன். பகல்களை எண்ணவில்லை. டாக்டர் காலையை மட்டும் பார்த்தார் என்று நினைத்தேனே, நான் மட்டும் என்ன?

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நைனா கோயிலுக்குப் போயிருக்கிறார். இன்று வேதபாடம் வாசிப்பது அவர்தான். திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆகும்.

கம்பவுண்டர் வீட்டுக்குப் போய், இனிமேல் காலையிலும் மாலையிலும் அவரே வந்து ஊசி போட வேண்டும் என்று டாக்டரின் சீட்டோடு சொல்லிவிட்டு வந்தேன். டாக்டர் ஏன் என்று கேட்டார். அம்மாவின் முதுகைப் பற்றிச் சொன்னேன். உடனே சீட்டை எழுதினார்.

பெரிய எழுத்தில் ஒரு தாள் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

மாலை ஊசி பதினான்கு. அதற்கு மேல் கூடாது. அரை மணிக்குள் சாப்பிட வேண்டும். படுக்கும் முன் பால். வேர்த்து, நடுங்கி, பசித்தால் உடனே வெல்லம். காலையில் சிவப்பு வந்தால் தானாக மருந்தை ஏற்ற வேண்டாம். ராத்திரி வேர்த்ததா, சாப்பாடு தவறியதா என்று டாக்டரிடம் சொல்லவும்.

பெட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்டேன். சுகரா பேகத்தின் மகள் வஜீதா வண்டிக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அம்மா தலை வாரிக்கொண்டிருக்கிறாள். கை மேலே தூக்க முடியவில்லை. நான் போய் வாரிவிட வேண்டும்.

செப்டம்பர் 19, வியாழன். திருப்பத்தூர்

டாக்டர் பஞ்சாட்சரத்திடமிருந்து கடிதம். நைனாவுக்குப் பத்து நாளாகக் காலையில் நீலம் அல்லது பச்சை. ஒரு தடவை பால் மறந்து ராத்திரி வேர்த்ததாம். தானே வெல்லம் எடுத்துச் சாப்பிட்டாராம். உடம்பு தேறியிருக்கிறது. முழு நாளும் வேலை செய்கிறார். அமைதியாக இருக்கிறார். நீங்கள் எப்போது திரும்பி வருவீர்கள் என்று கேட்கச் சொன்னாராம்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். நீலம் என்ற இடத்தில் "நல்லது" என்றாள். உண்மையாகவே சொன்னாள்; முகத்தில் தெரிந்தது.

"பதில் எழுதணும்மா. இன்னான்னு எழுதட்டும்?"

முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

"ராத்திரி பால மறக்க வேணாம்னு எழுது. வேற ஒண்ணும் எழுதாத."

எழுதி, மாமாவிடம் தபாலில் போடக் கொடுத்தேன்.